பாலைவனத்துச் சாலையோரப் பசுமையும் பூச்சிகளின் கணக்கும்

அமெரிக்காவின் தென்மேற்கிலுள்ள மொஹாவி பாலைவனத்தைக் கடந்து செல்பவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் பார்ப்பார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெளிறிய மண்ணும், ஒன்றுக்கொன்று எட்ட நிற்கும் மங்கிய புதர்களுமாகப் பாலை பரந்து கிடக்கும். ஆனால் தார்ச்சாலையின் இரு ஓரங்களிலும் அதே புதர்கள் உயர்ந்து, அடர்ந்து, கரும்பச்சையாக வரிசை கட்டி நிற்கும். யாரும் அவற்றை நட்டு வளர்க்கவில்லை, நீர் ஊற்றவும் இல்லை. காட்டை வெட்டிச் சாலை போட்டால் உயிரினங்கள் குறையும் என்று கேட்டுப் பழகிய நமக்கு, பாலையில் சாலை போட்டால் செடி செழிக்கிறதே என்று வியப்பு எழுவது இயல்பு. செடி செழித்தால் அதை அண்டி வாழும் பூச்சிகளும் பெருகும் அல்லவா? பெருகுவது உண்மைதான். ஆனால் பூச்சிகள் பெருகுவது வேறு, பூச்சிப் பன்மயம் பெருகுவது வேறு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், சாலை பாலைவனத்தை என்ன செய்கிறது என்பதில் பாதி புரிந்துவிடும்.

முதலில் பன்மயம் என்ற சொல்லைப் பார்ப்போம். ஒரே அளவுள்ள இரண்டு நிலத்துண்டுகளில் தலா 100 பூச்சிகள் பிடிபடுகின்றன என்றும், இரண்டிலும் 10 இனங்கள் இருக்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். முதல் துண்டில் ஒவ்வோர் இனத்திலும் பத்துப் பத்துப் பூச்சிகள் உள்ளன. இரண்டாவதில் ஒரே இனத்தைச் சேர்ந்தவை 91, மீதி ஒன்பது இனங்களில் ஒவ்வொன்று மட்டுமே. தலைகளை எண்ணினாலும் இனங்களை எண்ணினாலும் இரண்டும் சமம். ஆயினும் இரண்டாவது துண்டில் ஒன்பது இனங்கள் விளிம்பில் நிற்கின்றன. ஒரு வறண்ட ஆண்டு வந்தால் அவை அங்கிருந்து மறைந்துவிடும். ஆகவே பன்மயத்தை அளக்கும்போது எத்தனை இனங்கள் உள்ளன என்பதோடு, அவற்றுக்குள் எண்ணிக்கை எவ்வளவு சீராகப் பகிர்ந்திருக்கிறது என்பதையும், இங்கே மட்டுமே வாழக்கூடிய இனங்கள் எவை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பாலைவனத்தில் அப்படி என்ன பெரிய பன்மயம் இருந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். அந்த எண்ணம் சரியன்று. அமெரிக்காவும் மெக்சிகோவும் சந்திக்கும் எல்லையில், சான் பெர்னார்டினோ பள்ளத்தாக்கு என்ற வறண்ட நிலத்தில், வெறும் 16 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஏறத்தாழ 500 தேனீ இனங்கள் பதிவாகியுள்ளன. இவற்றில் பெரும்பாலானவை நாம் அறிந்த கூட்டுத் தேனீக்கள் அல்ல. தனித்தனியே மண்ணைக் குடைந்து முட்டையிடும் சிறு தேனீக்கள். உலகில் தேனீ இனங்கள் மிகுந்த இடங்களைத் தேடினால் மழைக்காடுகளை விட வறண்ட நிலங்களே முன்னால் நிற்கின்றன.

இப்போது சாலையோரப் பசுமைக்கு வருவோம். அதன் காரணம் எளிய பெருக்கல் கணக்கில் இருக்கிறது. 8 மீட்டர் அகலமுள்ள தார்ச்சாலை ஒன்றில் ஒரு கிலோமீட்டர் நீளத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு 8,000 சதுர மீட்டர். அங்கே 5 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் நீர். எனவே அந்த ஒரு கிலோமீட்டர் சாலையின் மேல் 40,000 லிட்டர் நீர் விழுகிறது. ஏறக்குறைய நான்கு தண்ணீர் லாரிகளின் கொள்ளளவு. தார் நீரை உறிஞ்சாது. ஆவியாவது போக மற்றது முழுவதும் இருபுறமும் வழிகிறது. ஒவ்வொரு பக்கமும் 2 மீட்டர் அகலப் பட்டையில் அது ஊறுகிறது என்றால், அந்தப் பட்டைக்குத் தன் பங்காக விழுந்த 5 மில்லிமீட்டரோடு இன்னும் 10 மில்லிமீட்டர் வரை கிடைக்கிறது. ஆண்டு முழுவதும் சேர்ந்தே 150 மில்லிமீட்டர் மழை கிடைக்காத மொஹாவியின் பல பகுதிகளில், மூன்று மடங்கு மழை என்பது ஒரு செடிக்கு வேறு நாட்டுக்கே குடிபெயர்ந்தது போன்ற மாற்றம்.

அங்கே சாலையோரம் செழித்து நிற்கும் செடி பெரும்பாலும் கிரியோசோட் புதர். சின்னஞ்சிறு இலைகளின் மேல் பிசின் பூசியது போன்ற பளபளப்பு. மழைத்துளி பட்டதும் அந்தப் பிசினிலிருந்து எழும் வாசனைதான் அந்த ஊர் மக்களுக்கு மழையின் வாசனை. பிசின் கசப்பானது என்பதால் பல விலங்குகள் அதைத் தொடுவதில்லை. ஆனால் அதை மட்டுமே நம்பி வாழும் பூச்சிகள் பல உண்டு. ஒரு கிளையைக் கண்ணருகே கொண்டுவந்து பார்த்தால், இலைகளுக்கிடையே பச்சை உடலில் முத்துப் போன்ற வெள்ளித் திட்டுகளுடன் ஒரு வெட்டுக்கிளி அசையாமல் இருப்பது தெரியக்கூடும். இலையின் பளபளப்பைத் தன் உடலிலேயே வரைந்துகொண்டிருக்கும் அந்த இனம் கிரியோசோட் இலையைத் தவிர வேறெதையும் தின்பதில்லை. அதே கிளையில் சிறு பந்துகள் போன்ற புடைப்புகளைக் காணலாம். கொசுவை விடச் சிறிய ஒரு வகை ஈ முட்டையிட்ட இடத்தில் செடியின் திசு வீங்கி உருவானவை அவை. இந்த ஈக்களில் மட்டும் சுமார் 15 இனங்கள் இந்த ஒரே செடியைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஓர் இனம் இலையில், ஓர் இனம் தண்டில், ஓர் இனம் மொட்டில் என்று இடம் பிரித்துக்கொண்டு வாழ்கின்றன. இவை போதாவென்று, இதன் மகரந்தத்தை மட்டுமே சேகரிக்கும் தேனீ இனங்கள் இருபதுக்கும் மேல் உள்ளன.

நியூ மெக்சிகோ மாநிலத்தின் சிவாவா பாலைவனப் பகுதியில் டேவிட் லைட்ஃபுட், வால்டர் விட்ஃபோர்ட் என்னும் இரு ஆய்வாளர்கள் சாலையோரக் கிரியோசோட் புதர்களையும் சற்றுத் தள்ளி உட்புறத்தில் நிற்கும் புதர்களையும் ஒப்பிட்டு 1991-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சாலையோரப் புதர்கள் பெரியனவாகவும் இலை அடர்ந்தனவாகவும் இருந்தன. இலைகளில் நைட்ரஜன் கூடுதலாக இருந்தது. அவற்றின் மேல் வாழ்ந்த பூச்சி, சிலந்தி வகைகளின் எண்ணிக்கையும் கூடுதலாக இருந்தது. நைட்ரஜன் கூடிய இலை என்பது பூச்சிக்குச் சத்தான உணவு. அப்படியானால் சாலை நல்லதுதானே என்று இந்த ஓர் ஆய்வோடு நிறுத்திக்கொண்டால் முடிவு கட்டிவிடலாம். நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பதற்குக் காரணம், அந்த நீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி.

சாலையின் மேல் விழுந்த மழை ஒரு பங்குதான். பாலைவனத்தில் சாலைகள் பெரும்பாலும் மலையடிவாரச் சரிவுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. அந்தச் சரிவுகளில் மழை நீர் ஓர் ஆறாக ஓடுவதில்லை. கை விரல்களைப் போலப் பிரிந்து, முழங்கால் ஆழம் கூட இல்லாத நூற்றுக்கணக்கான ஓடைகளாக இறங்கி, கீழேயுள்ள சமவெளி முழுவதையும் நனைக்கிறது. சாலை மேடு இந்த விரல்களை எல்லாம் ஒரே வெட்டாக வெட்டிவிடுகிறது. மொஹாவியில் பழைய 66-ஆம் எண் நெடுஞ்சாலையில் இதைக் கண்கூடாகக் காணலாம். வெள்ளம் சாலையை அரித்துவிடாமலிருக்க, மேற்புறத்தில் மண்கரைகள் எழுப்பி, பல ஓடைகளின் நீரை ஒன்றாகத் திருப்பி, நூற்றுக்கும் மேற்பட்ட சிறு மரப்பாலங்களின் கீழே செலுத்தியிருக்கிறார்கள். சாலைக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் இரண்டு பாலங்களுக்கு நடுவே, சாலையின் தாழ்ந்த பக்கத்தில் இருக்கும் நிலம், முன்பு தனக்கு வந்துகொண்டிருந்த நீரை இழந்துவிடுகிறது. அங்கே புதர்கள் சிறுத்து, இடைவெளி கூடி, சில காய்ந்தும் போகின்றன. அந்தப் புதர்களை நம்பிய புடைப்பு ஈயும் தேனீயும் அவற்றோடு குறைகின்றன. காரிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படுவது சாலையோரத்து இரண்டு மீட்டர் பச்சை மட்டுமே. அந்தப் பச்சைக்கு விலை கொடுத்த நிலம் நூறு மீட்டருக்கு அப்பால் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. இந்தப் பொருளில் நான் மற்ற எதையும் விட அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். பாலையில் சாலை முதலில் செய்வது நீரை இடம் மாற்றுவது. பூச்சிகளின் கதை அந்த நீரின் பின்னால் போகிறது.

சாலையின் விளைவு இப்படித் தார் முடியும் இடத்தில் முடியாமல் நெடுந்தூரம் பரவுவதைச் ‘சாலை விளைவு மண்டலம்’ என்று சூழலியலாளர்கள் அழைக்கிறார்கள். இக்கருத்தை நிலைநாட்டிய ரிச்சர்ட் ஃபோர்மன், அமெரிக்காவின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஏதோ ஒரு வகையில் சாலைகளின் சூழலியல் தாக்கத்துக்கு உள்ளாகியுள்ளது என்று 2000-இல் மதிப்பிட்டார். சாலைகள் நேரடியாக அடைத்திருக்கும் இடம் அதில் மிகச் சிறு பகுதியே.

கூடுதல் நீர் நாட்டுச் செடிக்கு மட்டும் போவதில்லை. வந்தேறிக் களைகளுக்கும் போகிறது. வாகனச் சக்கரங்களில் ஒட்டிய சேற்றோடு விதைகள் வருகின்றன, தோண்டிப் புரட்டிய மண்ணில் விழுகின்றன, சாலை நீரில் முளைக்கின்றன. யூட்டா மாநிலத்தின் வறண்ட நிலத்தில் நடந்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், ‘சீட்கிராஸ்’ என்னும் அயல் புல், மண் தடங்களின் ஓரத்தில் மூடியிருந்ததைப் போல மூன்று மடங்குப் பரப்பைத் தார்ச்சாலைகளின் ஓரத்தில் மூடியிருந்தது. வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் இயல்பாக வளரும் சகாரா கடுகு இன்னொரு எடுத்துக்காட்டு. 1920-களில் கலிஃபோர்னியாவில் காணப்பட்ட இந்தச் செடி சாலைகளைப் பிடித்துக்கொண்டு பாலைகளுக்குள் பரவியது. கோச்செல்லா பள்ளத்தாக்கின் மணற்பகுதிகளில் அது பெருகியபோது தரையில் வாழும் பூச்சி வகைகளின் எண்ணிக்கையும் இனங்களும் குறைந்ததை 2014-இல் வெளிவந்த ஆய்வு பதிவு செய்தது. மேலும், கிரியோசோட் புதர்களுக்கு இடையே வெற்று மண் இருந்ததால்தான் அங்கே தீ பரவாமல் இருந்தது. அந்த இடைவெளியைக் காய்ந்த புல் நிரப்பிவிட்டால், சாலையோரத்தில் எறிந்த ஒரு சிகரெட் துண்டு கூடப் பெருந்தீயாகிவிடும். தீயை அறியாத கிரியோசோட் எரிந்தால் பெரும்பாலும் மறுபடி துளிர்ப்பதில்லை.

யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்பது இங்கே தெளிவாகிறது. எதையும் தின்று எங்கும் வாழக்கூடிய இனங்கள் சாலையோரத்தில் பெருகுகின்றன; ஒரே செடியை, ஒரே வகை மண்ணை நம்பி வாழும் இனங்கள் பின்வாங்குகின்றன. விதை சேகரிக்கும் எறும்புகள் போன்ற சில, புல் பூண்டு நீக்கிய சாலையோர வெற்று நிலத்தை விரும்பிப் புற்று வைக்கின்றன. இந்தியாவின் ராஜஸ்தான் பகுதியிலுள்ள ‘தார்’ என்னும் பாலைவனத்திலும் புரட்டிய மண்ணிலும் சாலையோரத்திலும் முதலில் வந்து நிற்பது நமக்கு நன்கு தெரிந்த எருக்குதான். எருக்கு வந்தால் அதைத் தின்னும் வண்ண வெட்டுக்கிளி வரும், வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிட வரும், பெரிய கருப்புத் தச்சுத் தேனீ பூவுக்கு வரும். பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் ஆயிரம் கிலோமீட்டருக்கு அதே எருக்கும் அதே மூன்று பூச்சிகளும் என்றால், அங்கே முன்பிருந்த பலவற்றின் இடத்தில் அவை நிற்கின்றன என்று பொருள்.

இனி மண். தார் போடாத தடங்களின் பாதிப்பு குறைவு என்று நினைப்பது பாலையைப் பொறுத்தவரை பெரிய தவறு. பாலை மண்ணின் மேல் நீலப்பச்சைப் பாசிகள், லைக்கன்கள், சிறு பாசிச் செடிகள் சேர்ந்து மெல்லிய உயிர்ப் படலம் ஒன்றைப் பின்னியிருக்கும். அதுவே மண்ணைக் காற்றில் பறக்காமல் பிடித்து வைக்கிறது, நைட்ரஜனையும் சேர்க்கிறது. ஒரு முறை சக்கரம் ஏறினாலே அந்தப் படலம் நொறுங்கி, மண் இறுகிவிடும். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1944 வரை, அமெரிக்கப் படைத்தலைவர் ஜெனரல் பேட்டன் தொடங்கிய பயிற்சி முகாம்களில் டாங்குகள் ஓடிய தடங்கள் மொஹாவியில் இன்றும் தெரிகின்றன. கைவிடப்பட்ட சுரங்க ஊர்களில் செய்த ஆய்வுகள், இறுகிய பாலை மண் தளர ஒரு நூற்றாண்டு அளவு ஆகும் என்று காட்டுகின்றன. இரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள தேனீ, இறுகிய மண்ணில் கூடு குடைவது எளிதன்று. வெற்றுக் கெட்டி மண்ணையே விரும்பும் தேனீக்களும் சில உண்டு. ஆனால் அவை தடத்தின் நடுவிலேயே கூடு வைத்து, அடுத்த வாகனத்தில் கூட்டோடு நசுங்கும் வாய்ப்பு உண்டு. மண் தடத்திலிருந்து எழும் புழுதியும் சிறிய விஷயமன்று. யூட்டாவில் அழிவின் விளிம்பிலுள்ள ஒரு புதர்ச்செடியில், சாலைப் புழுதி அதிகம் படிந்த இடங்களில் காய் பிடிப்பது குறைந்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

சாலை ஒரு வேலியாகவும் இருக்கிறது. மாலை வெயில் தணிந்ததும் கரிய வண்டொன்று மணலில் மெதுவாக நடந்து வரும். முன் சிறகுகள் இரண்டும் ஒட்டிப்போன கவசமாகி, உடலின் ஈரத்தைக் காக்கின்றன. அதற்கு விலையாக அது பறக்கும் ஆற்றலை இழந்திருக்கிறது. ஏதாவது நெருங்கினால், தலையை மண்ணில் ஊன்றிப் பின்புறத்தை வானை நோக்கி உயர்த்தி, எரிச்சலூட்டும் திரவத்தைக் கசியவிட்டு அசையாமல் நிற்கும். நரியோ எலியோ அந்த நாற்றத்துக்குத் தயங்கும். பல இலட்சம் ஆண்டுகளாகப் பயன்பட்டு வந்த அந்தத் தந்திரம், தார்ச்சாலையின் நடுவில் ஒரு லாரியின் முன்னால் அந்த வண்டை நிறுத்தி வைக்கிறது. பறக்காத பூச்சிகள் இப்படி நசுங்குவது ஒரு பக்கம். கடக்கவே முயலாமல் திரும்பிவிடுவது இன்னொரு பக்கம். ஜெர்மனியின் காடுகளில் தரை வண்டுகளைக் குறியிட்டு விட்டுப் பார்த்தபோது, சாலையைத் தாண்டி மறுபுறம் போனவை மிகச் சிலவே என்று 1984-இல் வெளியான ஆய்வு காட்டியது. மழை எங்கே பெய்கிறதோ அங்கே நகர்ந்து பிழைக்க வேண்டிய பாலையில், நகர முடியாமல் துண்டுபட்ட கூட்டம் உள்ளூரில் அற்றுப்போனால் மறுபுறத்திலிருந்து அந்த இடத்தை நிரப்ப யாரும் வருவதில்லை.

சில வேளைகளில் சாலையைக் கடப்பதே பேரழிவாகிறது. நெவாடா போன்ற மாநிலங்களில் மார்மன் கிரிக்கெட் என்றழைக்கப்படும், பறக்க முடியாத, வெட்டுக்கிளிக்கு உறவான பூச்சி சில ஆண்டுகளில் இலட்சக்கணக்கில் அணிவகுத்து நகரும். புரதமும் உப்பும் தேடும் பசியே அவற்றை நடக்க வைக்கிறது, பின்னால் வருவது தன்னைத் தின்றுவிடும் என்ற நெருக்கடியும் சேர்ந்து துரத்துகிறது என்று 2006-இல் வந்த ஆய்வு விளக்கியது. சாலையில் ஒன்று நசுங்கினால் அதன் உடல் மற்றவற்றுக்குப் புரதம். தின்ன வந்தவை அடுத்த வாகனத்தில் நசுங்குகின்றன. 2023 கோடையில் நெவாடாவின் எல்கோ பகுதியில் சாலைகள் வழுக்கும் அளவுக்கு இது நடந்தது.

கண்ணுக்குத் தெரியாத கண்ணிகளும் உண்டு. நீர்ப்பூச்சிகள் பல, நீர்ப்பரப்பு பிரதிபலிக்கும் ஒரு குறிப்பிட்ட வகை ஒளியை அடையாளமாகக் கொண்டே நீரைக் கண்டுபிடிக்கின்றன. கரிய தாரும் அதே ஒளியைத் தருகிறது. ஹங்கேரியில் ஈசல் போன்ற மென்சிறகுப் பூச்சிகள் தார்ச்சாலையை ஓடை என்று நம்பி அதன் மேல் முட்டையிடுவதை 1998-இல் விவரித்தார்கள். அது பாலைவனம் இல்லை. ஆனால் மழைக்குட்டைகளைத் தேடிப் பறக்கும் நீர்வண்டுகள் பாலையிலும் உண்டு, அவையும் அதே ஒளியைத்தான் தேடுகின்றன. சாலை விளக்குகள் அந்துப்பூச்சிகளை இழுப்பது எல்லோரும் அறிந்தது.

இவற்றையெல்லாம் அளப்பது எப்படி? கருவி எளியது. ஒரு பிளாஸ்டிக் குவளையை அதன் விளிம்பு மண் மட்டத்துக்குச் சரியாக இருக்கும்படி புதைத்துவிட்டால் அது குழிப்பொறி. நடந்து வரும் வண்டும் எறும்பும் உள்ளே விழும். சாலையோரத்தில் ஒன்று, பத்து மீட்டரில் ஒன்று, ஐம்பதில் ஒன்று, நூறில் ஒன்று என்று வரிசையாக வைத்து, விழுந்தவற்றை இனம் பிரித்து எண்ணி, தொலைவு கூடக் கூடக் கணக்கு எப்படி மாறுகிறது என்று பார்ப்பார்கள். விளிம்பு மண்ணுக்கு மேல் ஒரு நூலளவு தூக்கி நின்றாலும் சிறு பூச்சிகள் சுற்றிக்கொண்டு போய்விடும். அந்தக் கவனம் முக்கியம். மேலும், அதிகம் நடக்கும் பூச்சியே அதிகம் விழும் என்பதால், புதரின் மேல் வாழ்பவற்றுக்குக் கிளையைத் துணியின் மேல் தட்டி எண்ண வேண்டும், பூவுக்கு வருபவற்றுக்கு வலை வேண்டும். சாலையின் மேட்டுப்புறம், தாழ்புறம் இரண்டிலும் தனித்தனியே எண்ணாத கணக்கு, என் பார்வையில் பாதிக் கணக்கு.

கலிஃபோர்னியாவின் தென்கிழக்கு மூலையிலுள்ள அல்கடோன்ஸ் மணற்குன்றுகளில் வேறொரு வாய்ப்பு இருக்கிறது. 1915-இல் இந்த நகரும் மணலின் மேல் மரப்பலகைகளை அடுக்கியே சாலை போட்டார்கள். 1926-இல்தான் தார்ச்சாலை வந்தது. இன்று 78-ஆம் எண் நெடுஞ்சாலை குன்றுகளைக் குறுக்கே வெட்டுகிறது. அதன் வடக்கே 1994-இல் வாகனங்களுக்கு இடமில்லாத காப்பு நிலம் அறிவிக்கப்பட்டது. தெற்கே பெரும்பகுதி மணல்வண்டிப் பயணத்துக்குத் திறந்திருக்கிறது. இந்தக் குன்றுகளுக்கே உரிய வண்டு இனங்கள் இங்கே மணலுக்குள் பகலைக் கழித்து இரவில் மேலே வருகின்றன. 1983-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஆய்வாளர்கள் காலை மணலில் பதிந்திருந்த பூச்சித் தடங்களையே எண்ணினார்கள். வண்டி ஓடாத இடத்தில் சிறு கால்தடங்கள் கோலம் போட்டது போல நிறைந்திருக்க, வண்டி ஓடும் இடத்தில் அவை மிகவும் குறைந்திருந்தன.

சாலையே கூடாது என்று சொல்ல முடியாது. பாலையிலும் மக்கள் வாழ்கிறார்கள், மருத்துவமனைக்கும் சந்தைக்கும் போக வேண்டும். ஆனால் செய்யக்கூடியவை இருக்கின்றன. எல்லா நீரையும் ஒரு பெரிய பாலத்துக்குத் திருப்புவதற்குப் பதிலாக, ஓடை வரும் இடந்தோறும் சிறு குழாய்ப் பாலங்கள் வைத்தால் தாழ்புற நிலம் தன் நீரை இழக்காது. ஓரத்து மண்ணை ஆண்டுதோறும் இயந்திரத்தால் சுரண்டாமல் விட்டால் களைக்கு இடம் குறையும். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, தேவையற்ற புதுத் தடங்கள் உருவாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாலையில் ஒருவர் குறுக்கு வழியாக ஓட்டிய தடத்தைப் பார்த்துத்தான் அடுத்தவரும் ஓட்டுகிறார்.

மூடிய தடங்களை மீட்க மொஹாவியில் ஒரு முறையைக் கையாள்கிறார்கள். காய்ந்த புதர்களையும் கிளைகளையும் சேகரித்து வந்து, தடத்தின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் தொலைவு வரை, உயிரோடு நிற்கும் செடிகளைப் போலவே மண்ணில் செங்குத்தாக நட்டுவிடுகிறார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அங்கே தடம் இருப்பதே தெரியாது, அதனால் வண்டி திரும்புவதில்லை. நட்ட காய்ந்த குச்சிகளின் அடியில் காற்று கொண்டுவரும் மணலும் விதையும் தங்குகின்றன, சற்று நிழலும் விழுகிறது. நல்ல மழை பெய்யும் ஆண்டில் முதல் நாற்று அந்த நிழலில்தான் முளைக்கிறது.